நூற்று இருபத்தாறு தோடம்பழங்கள்

இரண்டாம் தவணை, கணிதம் முப்பத்தெட்டு.
ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்கப் போனேன்.
கோணேஸ்வரி டீச்சர் கதிரையைக் காட்டினா.
"வீட்டில ஆர் சொல்லிக்குடுக்கிறது?"
நான்தான் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
மட்டக்குளி பஸ்ஸில் பதினொரு வருஷம் கொண்டக்டர்.
ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் கொடுக்க
ஒருநாளும் விரல் மடித்ததில்லை.

டீச்சர் சொன்னா:
"ஒரு இலக்கம் எழுதுறா, உடன என்ர முகத்தைப் பார்க்கிறா.
நான் சும்மா நிண்டால் அழிக்கிறா.
இருமினாலும் அழிக்கிறா.
சரியான விடையத்தான் கூட அழிச்சிருக்கிறா.
தாளைத் தூக்கிப் பாருங்கோ."

தூக்கினேன்.
ஜன்னல் வெளிச்சத்தில்
ரப்பர் தேய்த்து மெலிந்த இடத்தில்
நூற்று இருபத்தாறு.
அதன் மேலேயே, அழுத்தி, கறுப்பாக
நூற்றுப் பதினாறு.
பெட்டிக்குப் பதினெட்டுத் தோடம்பழம், ஏழு பெட்டி.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் எங்களுக்கு ஒரே மேசை.
சோறும் அயர்னும் கணக்கும் அதில்தான்.
இரவு எட்டரைக்கு
சில்லறைப் பையைக் கழற்றாமலே எதிரே இருப்பேன்.
ஷாலோமியின் பென்சில் நிற்கும் இடத்தில்
என் மூச்சு பெரிதாகும்.
பிள்ளைக்கு அடித்ததில்லை.
மேசைக்கு அடித்திருக்கிறேன்.
செட்டியார் தெரு நகைக்கடையால் வந்த களைப்போடு
குசினிக்குள் இருந்து ரொசலின் சொல்லுவாள்,
"பிழையெண்டா அழிச்சு எழுதட்டுமே."
நீ சும்மா இரு, என்பேன்.

டீச்சர் சொன்னதை நான் நம்பவில்லை.
பிள்ளைக்குக் கவனம் இல்லை என்றுதான்
படியிறங்கும்போதும் நினைத்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
கொள்ளுப்பிட்டியில் செக்கர் ஏறினார்.
நாற்பத்துமூன்று பேர், முப்பத்தொன்பது டிக்கெட்.
மிச்சம் பேர் அந்த ஹோல்டில்தான் ஏறினவர்கள்.
அதைச் சொன்னால் முடிந்தது.
"கீயத? கீயத?"
என் நெற்றிக்கு நேரே நின்று கேட்டார்.
நாலு என்று நாக்கு வரைக்கும் வந்தது.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
ஆறு, என்றேன்.

பஸ் முழுக்கத் திரும்பியது.
வெள்ளவத்தை வரும்வரை காது சுட்டது.
அந்தத் தாள் ஞாபகம் வந்தது,
ரப்பர் தேய்த்து மெலிந்த அந்த இடம்.

அன்றிரவு பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
எதிரே இருக்கவில்லை.
அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு
அன்றைய சில்லறையை அடுக்கத் தொடங்கினேன்.
எழுதினாள். திரும்பினாள்.
நான் ஐந்து ரூபாய்க் குற்றிகளையே பார்த்தேன்.
கஷ்டம்.
விடை பல்லுக்குப் பின்னால் நின்று உதைத்தது.
பிழையாகத்தான் எழுதியிருந்தாள்.
பிழை அப்படியே கிடந்தது, கொப்பியில்,
யாருக்கும் எதுவும் ஆகாமல்.
குசினியில் சட்டிச் சத்தமும் நின்றுவிட்டது.
நெடுநேரத்துக்குப் பிறகு
"சீ" என்று தனக்கே சொல்லிக்கொண்டு
ரப்பரைத் தேடினாள்.

மூன்றாம் தவணை, நாற்பத்தாறு.
எட்டுப் புள்ளிக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை.
மேல்மாடிப் பிள்ளை எண்பத்தொன்பதாம்,
தாய் படியில் நிறுத்திச் சொன்னா,
"அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப், யோசிச்சீங்களா?"
யோசித்தேன்.
இடையில் ஒருநாள் மறுபடியும் மேசைக்கு அடித்தேன்.
அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நேற்று என் பையைக் கொட்டி
அவளே எண்ணினாள், பத்துப் பத்தாக.
"அப்பா, இருபது ரூபா குறையுது."
குனிந்த தலை நிமிராமல்தான் சொன்னாள்.

நான் திரும்ப எண்ணினேன்.
குறைந்துதான் இருந்தது.