வளர்ச்சி இல்லை

நோல்பெர்தோ மன்சீயாவின் முகம்
எனக்குத் தெரியாது.
அவர் ரத்தம் தெரியும்.

திங்கள் இரவு இரண்டு புட்டிகளில் வந்தது.
இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று.
சீட்டில் செவிலியின் அவசரக் கையெழுத்து:
வயது ஐம்பத்தெட்டு. பித்தப்பை. குளிர்க் காய்ச்சல்.
ரத்த அழுத்தம் நிற்கவில்லை. நண்டுப் படகு.
(படகு அங்கே எழுதவேண்டிய செய்தியில்லை.
ஆனாலும் எழுதியிருந்தாள்.)

அடைகாக்கும் பெட்டியில் வைத்து மூடினேன்.
உள்ளே எதுவும் உயிரோடிருந்தால் மூச்சுவிடும்,
மூச்சுவிட்டால் புட்டியின் அடி மஞ்சளாகும்,
மஞ்சளானால் பெட்டி கத்தும்.
என் உத்தியோகம் இதுதான்,
கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது.

பதினோரு மணி நேரத்தில் கத்தியது.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு,
தீயில் ஒரு காட்டு,
ஊதா, அயோடின், சாராயம், சிவப்பு.
லென்ஸுக்குக் கீழே
இளஞ்சிவப்பில் குட்டைக் குச்சிகள்,
யாரோ தீப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டதுபோல.
அழகாகத்தான் இருந்தன.
இதை மாடியில் போய்ச் சொல்ல முடியாது.

தீவிர சிகிச்சைக்குப் போன் போட்டேன்.
டாக்டர் டானிட்சா பாவிசிச் எடுத்தாள்.
"குச்சியா, மணியா?"
"குச்சி."
அவள் "சரி" சொல்வதற்குமுன்
பின்னால் வென்டிலேட்டர் இரண்டு முறை மூச்சிழுத்தது.

மெரோபெனம், எட்டு மணிக்கொருமுறை,
கழுத்து நரம்புக் குழாய் வழியே.
அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் மருந்தோ
விரல்நுனிகளிடம் கடன் வாங்கும்,
திருப்பித் தராது.
இடக்காலில் இரண்டு விரல் கருத்ததாம்.

மறுநாள் தட்டைத் திறந்தேன்.
ஐந்து மருந்துப் பொட்டுகளின் விளிம்புவரை
கூசாமல் வளர்ந்திருந்தது.
ஆறாவதைச் சுற்றி மட்டும்
நிலாவுக்கு ஊர்கோள் கட்டியதுபோல் வெறுமை.
அளவுகோலை வைத்து அளந்தேன்.
ஒரு மனிதர் உயிரோடிருக்க
இத்தனை மில்லிமீட்டர்.

புன்டா அரெனாஸில் அது காற்றின் மாதம்.
சதுக்கத்தின் மூலைகளில்
கயிறு கட்டிவிட்டிருந்தார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.

அடுத்த திங்கள் டானிட்சா
ஆய்வகத்துக்கே இறங்கி வந்தாள்.
இதற்குமுன் வந்ததில்லை.
"இன்றோடு ஏழு நாள். நிறுத்தப்போகிறேன்.
சின்ன டாக்டர்கள் பதினான்கு என்கிறார்கள்.
மனைவி இருபத்தொன்று கேட்கிறாள்."
நான் எதுவும் சொல்லவில்லை.
ஒன்பதாம் படுக்கையின் தட்டு
என் மேசைமேல்தான் இருந்தது.
பயந்து பயந்து நீட்டிய மருந்து, முப்பது நாள்.
இப்போது எந்தப் பொட்டையும் மதிக்காத ஒன்று
அதில் வழவழவென்று படர்ந்திருக்கிறது.
அவளும் அதைத்தான் பார்த்தாள்.

நிறுத்தினாள்.
செவ்வாய் மாலை முப்பத்தெட்டரை டிகிரி.

மறுபடி இரண்டு புட்டி.
மருந்தை மறுபடி தொடங்கவில்லை. காத்திருந்தாள்.
அவள் மேலே, நான் கீழே,
நடுவில் நான்கு வரிசைப் படிகள்.

வியாழக்கிழமை ஆய்வக வாசலில் ஒரு பெண்,
காற்றில் பிய்ந்த தலைமுடியோடு.
எடித் நன்குபேல், மன்சீயாவின் மனைவி.
உள்ளே வரக்கூடாதென்று தெரிந்து
கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.
"ஏதாவது முளைத்ததா?"
சிலோயேக்காரி. கிழங்கு நட்டவள்.
அவள் வாயில் அந்தச் சொல்
வேறெப்படி வரும்?
"இன்னும் இல்லை" என்றேன்.
"இன்னும்" என்பதை மட்டும்
எடுத்துக்கொண்டு போனாள்.
மூன்று நாள் அந்தச் சொல்லுக்காக
என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்தக் கயிறு சதுக்கத்தின் மூலையோடு முடிகிறது.
காற்று முடிவதில்லை.
எங்கே கையை விடுவதென்று
நடப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.
அதிலும் குழாய் செருகிப் படுத்திருப்பவருக்காக
வேறொருத்தி.

ஐந்தாம் நாள், காலை நாலரை,
ஜலசந்தியில் வெளிச்சம் வந்துவிட்டது.
கணினியில் இரண்டு சொற்களைத் தட்டினேன்:
வளர்ச்சி இல்லை.
இத்தனை வருடத்தில்
இதைவிட நல்ல வாக்கியம் நான் எழுதியதில்லை.
புட்டிகளை மஞ்சள் பையில் போட்டு முடிந்தேன்.

பெட்டி கத்தியது.
ஒன்பதாம் படுக்கை.
கையுறையை மாட்டிக்கொண்டேன்.