நான்காவது சாவி

மைனஸ் முப்பத்தொன்று. உலான்பாட்டர் கார்ச் சந்தை.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
டாஷ்போர்டின் அடிவயிற்றில் கேபிளைச் செருகுகிறேன்.
ஜப்பானில் ஓடிய பழைய வண்டி,
இன்னும் அந்த மொழியில்தான் வணக்கம் சொல்கிறது.

நோமின்ஸுலுக்குப் புதுச் சாவி வேண்டும்.
இருந்த இரண்டில் ஒன்று
கணவனோடு இன்சியோன் போய்விட்டது.
மறதியாம். நான் கேட்கவில்லை.

கதவைத் திற, மூடு. பிரேக்கை மிதி.
சாவியின் முதுகை ஸ்டார்ட் பொத்தானில்
ஒட்டிப் பிடி.
பேச்சுமூச்சில்லை.
அப்புறம் ஒரு பீப்,
முன்பின் தெரியாத இருவர்
ஒரே ரகசியத்தில் கூட்டாகும் சத்தம்.

திரையில்: பதிவான சாவிகள் 4.

விரல்விட்டு எண்ணினாள்:
கைப்பையில் ஒன்று, இன்சியோனில் ஒன்று,
இப்போது பிறந்தது ஒன்று.
"இன்னொன்று யாரிடம்?"

யாரோ நகோயாக்காரரின் இழுப்பறையில்,
ரப்பர்பேண்டுகளுக்கு நடுவே இருக்கும் என்றேன்.
அவள் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

இங்கே இல்லாததையெல்லாம் அழிக்கலாம், ஒரே அழுத்து.
கடலுக்கு அப்பால் இரண்டு சாவிகள்
செத்தது தெரியாமல் கிடக்கும்.
அழிக்கவா?

"அவனுடையதை மட்டும் விட்டுவிட்டு?"
வண்டிக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது.

கண்ணாடியில் அவள் மூச்சு பனியாய்ப் படிந்தது.
நகத்தால் சுரண்டினாள், ஒரு கண்ணளவு.

"இருக்கட்டும். நாலும்."

கேபிளைப் பிடுங்கினேன். விரல் ஒட்டிக்கொண்டது.