எந்த ஆலங்குடி

வால்டாக்ஸ் ரோட்டில் எங்கள் பார்சல் ஆபீசுக்கு
முகப்பு எட்டடி.
ஆழம் எவ்வளவென்று பெருச்சாளிக்குத்தான் தெரியும்.
பதினோரு வருடமாகக் கவுண்டரில் நான்.
என் வேலை ஒரு சொல்:
எந்த?

நல்லூர் என்பார்கள். எந்த நல்லூர்?
கெட்டவூர் என்று எவரும் பெயர் வைக்காத நாட்டில்
எண்ணி முடியுமா?
புதூர் என்பார்கள். எந்தப் புதூர்?
குடிசை போட்ட அன்றைக்கு வைத்தது,
கோயில் கோபுரத்தில் அரசமரம் முளைத்த பிறகும்
புதுசாகவே இருக்கிறது.
திருமங்கலம் என்றால் மட்டும் கேட்க மாட்டேன்,
மெட்ரோ போகிற இடத்துக்கு
லாரி தேடி யாரும் வருவதில்லை.

சிலர் கோபித்துக்கொள்வார்கள்.
"ஆலங்குடின்னா ஆலங்குடிதாம்மா."
வாஸ்தவம். அவர்களுக்கு ஒன்றுதான்.
லாரிக்கு இரண்டு.
ஒன்று புதுக்கோட்டை தாண்டி,
இன்னொன்று வலங்கைமான் பக்கம்,
வியாழக்கிழமையானால் குருவுக்கு வரிசை நிற்கிற ஊர்.
பேரேட்டில் பு.ஆ., கு.ஆ. என்று போடுவோம்.

(எனக்கு இந்தத் தொல்லை இல்லை.
புளியந்தோப்பில் பிறந்தவள்.
அங்கே புளியமரம் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.)

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தெருவில் முழங்கால் தண்ணீர்,
கரண்ட் இல்லை.
சீட்டில் நான் எழுதிய பு மேல் மழை சொட்டி
கு என்று படித்துவிட்டதாக ஏகாம்பரம் சொல்கிறான்.
அல்லது நான் எழுதியதே கு.
நீளமான பெட்டி. உள்ளே ஒரு கால்.
இடது, முழங்காலுக்குக் கீழே,
கே.கே. நகரில் அளவெடுத்துச் செய்தது.
பெறுபவர்: வைரக்கண்ணு, கீழத்தெரு, ஆலங்குடி.

போன இடத்திலும் கீழத்தெரு இருந்தது.
அதில் ஒரு வைரக்கண்ணுவும் இருந்தார்.

மூன்றாம் நாள் போன்.
"அம்மா, ஒரு கால் வந்திருக்கு.
எனக்கு ரெண்டும் இருக்கே."
சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை,
அவருக்கும் தெரியவில்லை போல.
"பேர் என் பேருதானேன்னு பிரிச்சிட்டேன்.
வீட்ல எல்லாரும் மிரண்டு போயிருக்காங்க.
முன்கூட்டியே அனுப்பி வச்ச மாதிரி இருக்குன்னு
வண்டிச் சாவியைப் பிடுங்கி வச்சிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன். திரும்ப லாரியில் போடுங்கள்,
இங்கே வந்ததும் மாற்றி அனுப்புகிறோம் என்றேன்.
"எதுக்குங்க, மெட்ராஸ் வந்து சுத்திப் போகணும்?
அவரு நம்பரைக் குடுங்க."
கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

துண்டு போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு போனாராம்.
தஞ்சாவூரில் பஸ் மாறி, புதுக்கோட்டையில் மாறி.
கடைசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்,
எங்கே போறீங்க?
ஆலங்குடி.
எங்கேருந்து வர்றீங்க?
ஆலங்குடி.
அந்த ஆள் எழுந்து
பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாராம்,
துண்டுக்கு வெளியே பாதம் தெரிந்ததும் ஒரு காரணம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, ஷட்டரை இறக்கும்போது
இன்னொரு போன்.
"வைரக்கண்ணு பேசறேன்."
"எந்த?" என்றேன், வாய்ப்பழக்கம்.
அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள்.
கால் சேர்ந்துவிட்டதாம், சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்களாம்,
அரை அங்குலம் கட்டையாக இருக்கிறதாம்,
அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றால்
அது சரி, லாரி வாடகை திரும்ப வருமா என்கிறார்
இரண்டில் ஒருவர்.

வாடகை ஏகாம்பரம் சம்பளத்தில் பாதி, என்னுடையதில் பாதி.
பேரேட்டில் அந்த வரி மட்டும் இன்னும் முடியவில்லை.
'சேர்ந்த இடம்' கட்டத்தில்
ஆலங்குடி என்று எழுதி விட்டுவிட்டேன்,
முன்னால் எழுத்து எதுவும் போடவில்லை.
ஆடிட்டர் தை மாசம் வருவார்.