ஒரு தட்டு குறைவு

கிரிம்ஸ்பியில் எங்களிடம் இருந்தது ஒரே தட்டு.
சரக்குக் கப்பல் சமையல்காரன் ஒருவன்
இரண்டு பாக்கெட் சிகரெட்டுக்கு விட்டுப்போனது.
நியூ ஆர்லியன்ஸ் பாட்டு.
பாடியவர் பெயர் இருந்த இடத்தில்
யாரோ கோப்பை வைத்த வட்டக் கறை.
மூன்றாம் அடியில் ஒரு கீறல்.
ஊசி அங்கே தாவும்.
தாவி விழும்போது
ஒரு தட்டு குறைந்திருக்கும்.

ஸ்டெயின்டன் ரயில்வே கணக்கர்,
பேனாவைக்கூடச் சத்தமில்லாமல் மூடுகிறவர்.
அந்தப் பாட்டை டிரம்பெட்டில் பிடிக்க
ஒரு குளிர்காலம் எடுத்துக்கொண்டார்.
கீறலையும் சேர்த்தே பிடித்தார்.
திருத்துவதற்கு
மூலம் தெரிந்தவர் ஊரில் யாருமில்லை.

ஞாயிறு இரவு, பப்பின் மாடி.
டிராம்போன் நீளும்போது
முன்வரிசை தலையைச் சாய்த்துக்கொள்ளும்.
சாக்ஸபோனோடு வந்த ஒருவனைப்
படியிலேயே திருப்பி அனுப்பினார் ஸ்டெயின்டன்,
தேவாலயத்துக்குள் தொப்பியோடு நுழைந்தவனை அனுப்புவதுபோல.
அவரும் ஆட்களும் தொண்டை நனைக்க
இறங்கிப்போகும் இருபது நிமிடம் மட்டும்
எங்களுடையது.

செல்வினிடம் தவணையில் வாங்கிய கிதார்.
மூன்று கார்டு தெரியும்,
நான்காவதற்கு விரல் எட்டவில்லை.
கிளெம்மிடம் தேயிலைப் பெட்டி, துடைப்பக் கழி, ஒரு முறுக்குக் கயிறு.
பெட்டியின் பக்கத்தில் ஏதோ தோட்டத்தின் பெயர்,
எங்கள் யார் வாயிலும் நுழையாதது.
கயிறு அதிரும்போதெல்லாம்
மூலைகளிலிருந்து தூள் உதிரும்.
என்னிடம் அம்மாவின் சலவைப் பலகை.
வலை பின்னிக் காய்த்த விரல்களில்
எட்டுத் தையல் உறைகள்.

திங்கள் விடிவதற்குள் பலகை
தொட்டியடிக்குத் திரும்பிவிட வேண்டும்.
தகரத்தின் நெளிவுகள் பிசிறு தட்டிப்போயின.
அப்பாவின் சட்டைகள் முழங்கையில் கிழிந்தன.
சோப்பு சரியில்லை என்றாள் அம்மா.
மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

நாங்களும் அதே பாட்டுதான், இரண்டு மடங்கு வேகத்தில்.
தண்டவாளம் போட்ட கைதிகளை,
பருத்திக் காட்டை
நாங்கள் கண்டதில்லை.
கண்டதெல்லாம் ஹாடக் மீனும் பனிக்கட்டியும்
ரேஷன் முடிந்தும் விடாத ரேஷன் பழக்கமும்.
இருந்தும் தொண்டை கிழியப் பாடினோம்.
மூன்றாம் அடியில்
எல்லோரும் ஒன்றாகத் தாவினோம்,
உடைந்த படி எதுவென்று தெரிந்தவர்கள்
இருட்டில் தாண்டுவதுபோல.

வாசற்படியில் ரோலண்ட் உட்கார்ந்திருப்பான்.
பன்னிரண்டு வயது, உள்ளே விடமாட்டார்கள்.
பெட்டி தூக்க வருவான். கூலி கேட்டதில்லை.
செல்வினின் இடது கையை மட்டும்
கண் கொட்டாமல் பார்ப்பான்.

கிளெம்மை ராணுவம் சைப்ரஸுக்கு அழைத்துப்போனது.
கிதாரைக் கடைக்காரன் அழைத்துப்போனான், இரண்டு தவணை பாக்கி.
பெட்டியை உடைத்து அடுப்பில் போட்டோம்.
வீடெல்லாம் தேநீர் வாசனை.
அம்மா சலவை இயந்திரம் வாங்கினாள்.
சட்டைகள் கிழிவது நின்றது.
அதற்கும் சோப்புதான் காரணம் என்றாள்.

எட்டு வருடம் கழித்து,
மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் பூசும் ஆலை.
வானொலியில் நான்கு பேர்
மின்கிதார்களால் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.
பாதிப் பெண்கள் கூவினார்கள், பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள்.
எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.
புதுப் பாட்டு. புது மெட்டு.
மூன்றாம் அடி வந்தது.
கையுறைக்குள் என் விரல்கள் தாவின.
அவர்களும் தாவினார்கள்.

ரோலண்டா, அவனிடம் கேட்ட யாரோவா,
தெரியவில்லை.
கடலுக்கு அப்பால், கறைக்கு அடியில் இருக்கும் அந்த மனிதர்
முழுதாகத்தான் பாடியிருப்பார்.
ஒரு பைசாவும் அவருக்குப் போயிருக்காது.
இதைக் கேட்டால்
தன் பாட்டென்று தெரியாமல்
அந்த இடத்தில் மட்டும் தடுக்கி நிற்பார்.

கன்வேயரில் மீன்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.
மேற்பார்வையாள் ஓடிவந்து
என்ன ஆச்சு என்றாள்.
ஒரு தட்டு குறையுது என்றேன்.
அவள் அடுக்கை எண்ணினாள்.
இன்னொரு முறை எண்ணினாள்.
நாற்பத்தெட்டு. சரியாகத்தான் இருந்தது.