ஆளுக்கு மூன்று

ஆளுக்கு மூன்றுதான் என்று
ரயிலிலேயே பேசி வைத்தோம் நானும் முகிலாவும்.
வாங்குவதற்கல்ல. வாங்குவதென்றால்
வீட்டை விற்றுவிட்டு வர வேண்டும்.
பிடித்ததைச் சீட்டில் குறித்து மடித்துக்கொள்வது,
கடைசியில் காட்டுவது. அழிக்கக் கூடாது.

நேவி பியரின் கோடியில் அந்த மண்டபம்.
வெளியே ஏப்ரல் காற்று ஏரியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
உள்ளே தடுப்புச் சுவர், திரும்பினால் தடுப்புச் சுவர்,
கறுப்பு உடுத்தி, மடிக்கணினியைவிட்டுக்
கண்ணெடுக்காத பெண்கள்.

முதல் அரைமணியில் எல்லாமே பிடித்தது.
அடுத்த அரைமணியில் எதுவுமே பிடிக்கவில்லை.

பிறகு அந்த வெள்ளை.
ஆளுயரத் துணி, வேறு நிறமே இல்லை.
முன்னால் நின்ற இருவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.
நான் பல் செய்கிறவள். பீங்கானில்,
நாளொன்றுக்குப் பதினான்கு, யார் யார் வாய்க்கோ.
புகைப்பவர் வெள்ளை, காபி வெள்ளை,
எழுபது வயதில் பொய்யென்று தெரியாத வெள்ளை
எல்லாம் இந்தக் கண்ணுக்கு அத்துப்படி.
வரைந்தவள் ஒன்பது வெள்ளை வைத்திருந்தாள்.
இல்லை, பத்து. இடது மூலையில்
ஈறை ஒட்டினாற்போல் துளி மஞ்சள்.
எழுதினேன்: ஒன்று.

இரண்டு, நெளிந்த தகரத்தில் ஒரு குளியல் தொட்டி.
தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு சாம்பல் கோடு.
ஏனென்று கேட்காதீர்கள்.

மூன்றாவது அகப்படவே இல்லை.
கால் கடுத்தது. பதினெட்டு டாலர் சாண்ட்விச்சைப்
பாதிப் பாதி தின்றோம்.
ஒரு நீலக் கம்பளத்தைக் குறித்து வைத்தேன்,
மரியாதைக்கு.

முகிலாவின் மூன்றும் வேறு மூன்று.
ஒன்றின் பக்கத்தில் அதற்குள் சிவப்புப் பொட்டு, விற்றாயிற்று.
அவள் முகம் போன போக்கு!
நிச்சயம் முடிந்த வீட்டுக்குப்
பெண் பார்க்கப் போனவர்களைப் போல.

"சரி, உன் வெள்ளையைக் காட்டு."
கூட்டிப் போனேன். இந்தச் சந்தா, அடுத்ததா,
ஒலிபெருக்கி மூடப்போவதாகச் சொல்லும்வரை தேடினோம்.
சுவரெல்லாமும் வெள்ளைதானே, எங்கே கண்டுபிடிப்பது.

நிறுத்தத்தில் அறுபத்தைந்தாம் எண் பேருந்து வரவில்லை.
காற்றைத் திட்ட வாய் திறந்தவள்
அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.
மேல்வரிசை முன்பற்களில் ஒன்று என்னுடையது.
போன வருஷம் பனியில் வழுக்கி விழுந்தபோது
நான்கு தடவை சுட்டு, நான்காவதுதான் சேர்ந்தது.
விளக்கடியில் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது
எது என்று.