பதினேழு மில்லிமீட்டர்

இரவு எட்டே முக்காலுக்கு வருகிறார் எபிநேசர்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே பென் டிரைவை நீட்டுகிறார்.
"ஒரே ஒரு ஏ-ஜீரோ. ரெண்டு காப்பி.
காலைல பத்து மணிக்கு சைன்."
எல்லோரும் ஒரே ஒரு என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கச் சந்தில்
கடையின் பாதி இந்த பிளாட்டர்.
மீதியில் நான், ஒரு ஸ்டூல்,
ஹனீபா பாயின் கல்லாப்பெட்டி,
சுவரில் மழைத்தண்ணீர் நின்றுபோன கோடு.

முதல் பிரதி வந்து விழுந்தது.
கொளத்தூரில் இரண்டு மாடி வீடு.
படிக்கட்டு, பூஜையறை, சம்ப்,
வடக்கைக் காட்டும் அம்பு, எல்லாம் சரி.
தெற்கே ஓடவேண்டிய எல்லைக்கோடு மட்டும்
துடைத்துவிட்டதுபோல் இல்லை.

"இன்னாம்மா, கோட்டக் காணோம்?"

பக்கவாட்டில் ஐந்து மில்லிமீட்டர்,
வால் பக்கம் பதினேழு,
அங்கே மை விழாது என்றேன்.
உருளைகள் தாளைப் பிடிப்பது அங்கேதான்.
பிடிக்க ஓர் இடம் விடாவிட்டால் தாள் கோணும்,
தாள் கோணினால் வீடு கோணும்.

"அப்ப ஃபிட் டு பேஜ் போட்டு வுடு.
ரெண்டு பர்சென்ட்தானே."

பதினொரு வருஷமாக எனக்கு அந்தப் பொத்தானைத் தெரியும்.
பார்க்க நல்ல பிள்ளை.
அழுத்தினால் எல்லாம் உள்ளே வந்துவிடும்,
எல்லாமே கொஞ்சம் சின்னதாக.
மூலையில் ஒன்றுக்கு நூறு என்றே எழுதியிருக்கும்,
ஸ்கேல் வைத்தால் நூற்றிரண்டு சொல்லும்.
மூன்றடிக் கதவில் முக்கால் அங்குலம் காணாமல் போகும்.
பீரோ வந்து இறங்கும் நாளில்தான்
வீட்டுக்காரருக்கு அது தெரியும்.

"யாரு ஸ்கேல் வெச்சுப் பாக்கப் போறாங்க?"

யாராவது ஒரு மேஸ்திரி, என்றேன்.

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஓடிக்கொண்டிருந்த ரோலை உருவிவிட்டு
முப்பத்தாறு அங்குல ரோலை மாட்டினேன்.
தாளின் அளவு என்ற இடத்தில்
பெயருள்ள அளவுகளையெல்லாம் தாண்டி
கடைசியில் கிடக்கும் கஸ்டம்.
அகலம் தொள்ளாயிரத்துப் பதினான்கு.
நீளத்தில் தலைக்கு இருபது, வாலுக்கு இருபது.
ஓரத்தைப் படத்தில் வெட்டாதே,
தாளில் கூட்டிக்கொள் என்று
ஒரு கட்டத்தில் டிக்.

நாலு நிமிஷம்.
மைத்தலை இடமும் வலமும் போய்வரப் போய்வர
வீடு விரல் விரலாக வெளியே வந்தது.
கடைசியில் கோடும் வந்தது.
கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே பொடி எழுத்தில்
செட்பேக், ஒன்றரை மீட்டர்.

"இவ்ளோ இடம் விடுவாங்களா சார்?"

எபிநேசர் மூக்கால் சிரித்தார்.
"கோடு இருக்கணும்மா. அவ்ளோதான்."

வியாசர்பாடியில் எங்கள் சமையலறை ஜன்னல்
பாதிதான் திறக்கும்.
மீதிப் பாதியை அடுத்த வீட்டுச் சுவர் நிறுத்திவிடும்.
நடுவில் இருக்கும் இடுக்கில்
என் மகனின் ஷட்டில்காக் விழுந்து மூன்று வருஷம்.
தெரிகிறது. கை போகாது.
அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடினால்
எங்கள் டம்ளர்கள் பேசிக்கொள்ளும்.

எங்கள் வீட்டுக்கும் எங்கோ ஓர் அலமாரியில்
ஒரு தாள் இருக்கும்.
அதில் நாலு பக்கமும் காற்று வரும்.
யாரோ ஒருத்தி ராத்திரி நேரத்தில் ஓரம் சரிபார்த்து
ஒரு கோடும் விட்டுப்போகாமல்
எடுத்துக் கொடுத்திருப்பாள்.
நானாகவும் இருக்கலாம்.

இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து
இரண்டு தாள்களையும் வெட்டினேன்.
வெள்ளை நாடாக்கள் தரையில் சுருண்டன.
பெரிய ரோலுக்கு அறுபது ரூபாய் கூட என்றதும்
நாற்பதாக்கச் சொன்னார்.
ஆக்கவில்லை.
தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டு
பாலத்துப் பக்கம் போய்விட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நீளமான நாடாக்கள் நான்கைப் பொறுக்கினேன்.
சேர்த்து இறுக்கிச் சுருட்டினால் குச்சிபோல் நிற்கிறது.
நுனியில் கொஞ்சம் டபுள் டேப்.
இடுக்குக்குள் போகும் என்றுதான் தோன்றுகிறது.