பேச முடிகிற வேகம்

மாலை ஆறு மணிக்கு
கடற்கரைச் சாலையின் குறுக்கே
தடுப்புகளை இழுத்து வைக்கிறார்கள்.
அதில் ஒன்றுக்குச் சக்கரம் தேய்ந்துவிட்டது,
தார் மேல் கிறீச்சிடும்.
அதுதான் எனக்கு மணி.
வண்டிகளுக்கு மூடுகிற சாலை
வயிற்றைச் சுமந்து வருகிறவளுக்குத் திறக்கிறது.

ஏழாம் மாதம்.
நேரு வீதி ஜவுளிக்கடையில்
எட்டு மணிநேரம் ஸ்டூலில் உட்கார்ந்து
பில் போடுகிறேன்.
ஐந்தரைக்கு எழும்போது
செருப்பு வாரின் தடம்
பாதத்தில் பள்ளமாகக் கிடக்கும்.
வீட்டுக்குப் போனால் படுக்கச் சொல்வார்கள்.
மாடிப்படி ஏறாதே.
கையைத் தூக்கித் துணி உலர்த்தாதே,
கொடி சுற்றிக்கொள்ளும்.
(எந்தக் கொடி என்று
நானும் கேட்டதில்லை.)
இப்படியே விட்டால்
வாயில் துணி கட்டிய ஊறுகாய் ஜாடியாக
என்னை மூலையில் வைத்துவிடுவார்கள்.

எல்லைப்பிள்ளைச்சாவடி ஆஸ்பத்திரியில்
என் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிய டாக்டரம்மா
"உனக்குச் சிக்கல் ஒண்ணுமில்லை, நட" என்றார்.
எவ்வளவு வேகமாக?
"பேச முடியணும். பாட முடியக் கூடாது."

அந்த வேகம் பிடிபட நாலு நாள் ஆயிற்று.
முதல் நாள்
பழைய சாராய ஆலையிலிருந்து
பழைய கலங்கரை விளக்கம் வரை,
அதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன்.
அடுத்த வாரம் தெற்குக் கோடி, டூப்ளே சிலை.
ஆனால் பேசுவதற்கு ஆள்?
அவருக்குச் சேதராப்பட்டில் இரவு ஷிப்ட்.
கருங்கல் பாறைகளிடம் பேசினேன்.
சீட்டு எடுத்தவள் ஊரைவிட்டுப் போன கதை,
எட்டாயிரத்துப் பட்டைத் திருப்பிக் கொண்டுவந்து
ஒரு நூல் இழுத்திருக்கு என்று சண்டை போட்டவர்,
பிரசவத்துக்குப் பிறகு
என் ஸ்டூல் எனக்கே கிடைக்குமா என்பது.
அலை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறது.

"போனும் இல்லாம யார்கிட்டக்கா பேசறீங்க?"
தடுப்பருகே ஊர்க்காவல் படைச் சீருடை.
பெயர்ப் பட்டையில் இடம் போதாமல்
அங்காள வெளியே நின்றுவிட,
உள்ளே பரமேஸ்வரி மட்டும்.
சொன்னேன். சிரித்தாள்.
பிறகு மூன்று நாள்
தூரத்திலிருந்தே கையசைப்பு.
நாலாம் நாள்
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
மெதுவாக, "மயக்கம் வராதாக்கா?"

அந்தக் கேள்வியின் வயது
நான்கு மாதம்.
மேலதிகாரியிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் உட்காரச் சொல்வார்கள்,
உட்கார்ந்தால் டியூட்டி இல்லை,
டியூட்டி இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

நிற்பது நடப்பதாகாது, தெரியுமா, என்றேன்.
நின்றால் ரத்தம் காலில் தேங்கும்,
நடந்தால் ஏறும்.
ஆனால் முதலில் அட்டை போடு,
உனக்கு நடக்கலாமா என்று அங்கே கேள்.
என் காலை வைத்து உன் காலை அளக்காதே.
தலை சுற்றினால் உட்கார்,
அடிவயிறு இழுத்தால் நில்,
ஒரு சொட்டு சிவப்பு கண்டால்
நடையாவது ஒன்றாவது,
நேரே ஆஸ்பத்திரி.

அட்டை போட்டுவிட்டாள்.
இப்போது எட்டு மணிக்கு அவள் டியூட்டி முடிய,
சுண்டல் வண்டிகளைத் தாண்டி
இரண்டு பேர், நான்கு பேர்,
எண்ணுவது உங்கள் இஷ்டம்.
பேச ஆள் கிடைத்ததில்
வேகம் சற்றுக் கூடிவிட்டது.
நடக்கும்வரை உள்ளே தூங்குகிறது என்னுடையது.
பெஞ்சில் அமர்ந்தால் போதும்,
என்ன ஆச்சு, ஏன் நின்றுவிட்டாய் என்று
விலாவில் ஒரு உதை.

நேற்று என் கேன்வாஸ் ஷூவின் கயிறு அவிழ்ந்தது.
குனிந்தேன்.
வயிறு வழிவிடவில்லை.
சீருடையோடு நடுச்சாலையில் குந்தி
பரமேஸ்வரி இரட்டை முடிச்சுப் போட்டாள்.
மூணு மாசம் போனா
உன் பூட்ஸுக்கு யாருடி முடிச்சுப் போடறது,
நான் அப்ப வீட்ல பால் குடுத்துட்டு இருப்பேனே?

"அதுக்குள்ள இந்த ரோட்ல
இன்னொருத்தி வந்துடுவாக்கா"
என்று எழுந்து
முழங்கால் மணலைத் தட்டினாள்.